மாரிகுப்பம் யசோதரா: வைரஸ் ஒட்டும் இடத்தைக் காட்டியவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நாலு பேர். அதில் ஒருவர் ஈரல் குறைவாக இருக்கிறது என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்போது கைபேசி அடித்தது. யசோதரா அக்காவின் மகள் சுஜாதா.

"மாமா, அம்மா போயிட்டாங்க."

எங்கே போனார்கள் என்று கேட்டேன். அவ்வளவு மண்டு நான்.  சுஜாதா நிதானமாகச் சொன்னாள்.

"காலையில காப்பி போட்டாங்க. எனக்கு ஒரு டம்ளர் குடுத்தாங்க. அப்பால சேர்ல ஒக்காந்தவங்க எழுந்துக்கவே இல்ல மாமா."

வரிசையை விட்டு வெளியே வந்தேன். எனக்கு அழுகை சட்டென்று வராது. கோபம்தான் முதலில் வரும். ஓய்வு பெற்று முழுதாக ஒரு வருடம்கூட ஆகாத மனுஷிக்கு இப்படியா என்று யார் மேல் என்றே தெரியாமல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே மாரிகுப்பம் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே கூடியிருந்தவர்கள் பேசியதைக் கேட்டபோதுதான் இந்தக் கட்டுரையை எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். "பாவம், பெங்களூர்ல ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல வேல செஞ்சாங்க" என்று ஒருவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். யசோதரா அவர்கள் ஒருநாளும் ரத்தம் எடுத்ததில்லை. ஊசி என்றால் அவருக்குப் பயம். அவர் செய்த வேலை வேறு. அதை அவர் வீட்டு வாசலிலேயே யாருக்கும் தெரியவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் தேவராஜ், ஊரிகத்துக்காரன். அக்கா வேலை செய்த அதே பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மிஷினை இருபது வருடங்களுக்கு மேலாக ஓட்டுபவன். மாரிகுப்பத்தில் கிளம்பும் காலை ரயிலில் அவர் ஏறுவார். ஊரிகத்தில் நான் ஏறுவேன். எனக்காக ஜன்னலோரத்தில் பையை வைத்து இடம் பிடித்திருப்பார். அந்த இடத்துக்காகப் பங்காருப்பேட்டை வரை யாரிடமாவது சண்டையும் போடுவார். என்னைவிட ஐந்து வயது பெரியவர். ஆகவே அக்கா.

அவர் தந்தை ஐயா ரத்தினம் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் வேலை பார்த்தவர். மாரிகுப்பத்து பௌத்தக் குடும்பம். சுரங்கம் மூடியபோது யசோதரா அவர்களுக்குத் திருமணமாகி மகளும் பிறந்திருந்தாள். கணவரும் சுரங்கத்தை நம்பியவர்தான். வீட்டில் இரண்டு ஆண்களும் ஒரே நாளில் வேலை இல்லாதவர்கள் ஆனார்கள். அக்கா தன் விலங்கியல் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறினார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. மனித செல்களைக் கண்ணாடிக் குப்பி மாதிரியான பிளாஸ்டிக் குடுவைகளில் வளர்ப்பது அவர் பொறுப்பு. செல்களுக்குப் பசித்தால் அவருக்குத் தெரியும். குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி இதுங்க மூஞ்சியே சரியில்ல" என்பார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் கூடத்தில் ஆராய்ந்தது ஒரே கேள்விதான். ஒரு வைரஸ் மனித செல்லுக்குள் நுழையும் முன் அதன் மேல் எதைப் பிடித்துக்கொள்கிறது? அந்தப் பிடிமானத்துக்கு ரிசெப்டர் என்று பெயர். தமிழில் ஏற்பி என்கிறார்கள். புத்தகங்களில் பூட்டு, சாவி என்று விளக்கியிருக்கும். அக்காவுக்கு அந்த விளக்கம் பிடிக்காது.

"இன்னா பூட்டு சாவி? பூட்டு சாவிக்காகவே செஞ்சது. செல்லு இன்னா வைரஸுக்காகவா கம்பி வெச்சிக்கீது? நம்ம ட்ரெயின் வாசல்ல கம்பி கீது பாரு, அது நம்ம ஏர்றதுக்கு வெச்சது. பிக்பாக்கெட்காரனும் அதையேதான் புடிச்சி ஏர்றான். கம்பி இல்லன்னா அவன் ஏற முடியாது, நம்மளும் ஏற முடியாது."

இதைவிடச் சரியாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. செல் தன் சொந்தக் காரியத்துக்காக வைத்திருக்கும் புரதத்தைத்தான் வைரஸ் திருட்டுத்தனமாகப் பிடித்துக்கொள்கிறது. எந்த வைரஸ் எந்தக் கம்பியைப் பிடிக்கும் என்று தெரிந்தால் அதைத் தடுக்கும் வழியும் தெரியும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதில் என் பங்கு பெருமைக்குரியது அல்ல. அதையும் மறைக்கப் போவதில்லை.

குழந்தைகளுக்கு வரும் ஒரு காய்ச்சல் வைரஸை எடுத்துக்கொண்டு வேலை நடந்துகொண்டிருந்தது. மைசூரிலிருந்து வந்த நந்திதா என்ற ஆராய்ச்சி மாணவி மாதக்கணக்கில் முயன்றும் வைரஸ் அந்த செல்களில் ஒட்டவே இல்லை. ஒட்டவில்லை என்றே கட்டுரை எழுதிவிடலாம் என்று எங்கள் தலைவர் முடிவு செய்தார். அனுப்பும் முன் இன்னொரு கை ஒருமுறை செய்து பார்க்கட்டும் என்று அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா செய்தபோது வைரஸ் ஒட்டியது.

அது என் மிஷினில்தான் தெரியும். செல்கள் ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தைக் கடந்து போகும். வைரஸ் ஒட்டாத செல் திரையில் இடது பக்கம் ஒரு புள்ளியாக விழும். ஒட்டிய செல் ஒளிரும், வலது பக்கம் விழும். நந்திதாவின் புள்ளிகள் எல்லாம் இடது பக்கம். அக்காவின் புள்ளிகள் எல்லாம் வலது பக்கம். இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்திலும் ஒரே செய்முறை, வரிக்கு வரி. மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறையும்.

பிறகு ஒரு கூட்டம் போட்டார்கள். ஏழு பேர் இருந்தோம். தலைவர் நல்ல மனிதர், ஆனால் நாக்கில் எண்ணெய் தடவாதவர். நேரே கேட்டார்.

"யசோதரா, இந்த நம்பர் மிஷின் குடுத்ததா, நீங்க போட்டதா?"

அக்காவின் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை. "மிஷின் குடுத்தது சார்" என்று மட்டும் சொன்னார். மிஷினை ஓட்டியவன் நான். அவர் அதைத் தொட்டதே இல்லை என்று எனக்குத்தான் தெரியும். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவரின் கோபத்துக்குப் பயம், என் வேலையைப் பற்றிப் பயம். வெட்கம்கெட்ட அரை மணி நேரம் அது.

தலைவர் சொன்ன தீர்வு நியாயமாகத்தான் தெரிந்தது. நந்திதா பக்கத்தில் நிற்க, ஒரே நாளில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அக்கா செய்து காட்ட வேண்டும். மறுநாள் காலை பத்தரைக்குத் தொடங்கினார். முடிய மாலை ஆறு ஆயிற்று. எங்கள் ரயில் போய்விட்டது. என் திரையில் புள்ளிகள் விழுந்தன.

எல்லாம் இடது பக்கம்.

 கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம் என்று தலைவர் சொன்னார். அந்தப் 'பிறகு' எதைக் குறிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பொய்க்கணக்கு எழுதியவர் என்று பெயர் வந்துவிட்டால் எந்த ஆய்வுக்கூடமும் வாசற்படி ஏற்றாது.

அடுத்த ரயிலுக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

"தேவா, இது எங்கப்பா காதுக்குப் போவக்கூடாது."

அது ஏன் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் மேலே வருகிற தொழிலாளியைத் தங்கம் ஒளித்திருக்கிறானா என்று தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ரத்தினம் ஐயா வேலை பார்த்த காலம் முழுதும் அப்படித் தடவப்பட்டவர். ஒருநாளும் அவரிடம் ஒரு துணுக்கு கிடைத்ததில்லை. அந்த வீட்டில் சொத்து என்று ஒன்று இருந்தால் அது அதுதான். அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்துத்தான் நாங்கள் அப்படிக் கேட்டோம்.

அப்போது என் வாய் திறந்தது. "நான் பேசியிருக்கணும்க்கா. பேசல."

"தெரியும்" என்றார். "மேஜையில இன்னா எழுதி இருந்திச்சி, அப்டி படிச்சிக்கினு இருந்தே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, நாள் வாரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இதுக்கு முன்னாடி மூணு வாட்டி ஒட்டிச்சி. இன்னிக்கி ஒட்டல. அதே செல்லு, அதே வைரஸ், அதே கை. இன்னிக்கி இன்னா வித்தியாசம் தேவா?"

"தெரியலக்கா."

"ஒண்ணே ஒண்ணுதான். இன்னிக்கி நான் ட்ரெயினுக்கு ஓடல."

நோட்டில் இல்லாத ஒரு விஷயத்தை அப்போதுதான் அவர் சொன்னார். செய்முறை முழுக்க ஏழெட்டு மணி நேரம். காலை ரயில் தாமதம், மாலை ரயில் தப்பினால் வீடு போய்ச் சேர நடுராத்திரி ஆகிவிடும். ஆகவே அவர் வேலையை இரண்டாகப் பிரித்துவிடுவார். மாலை நாலு மணிக்குக் குடுவையிலிருந்து செல்களை எடுத்து, புதுத் தட்டில் போட்டு, இன்குபேட்டரில் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவார். மறுநாள் காலை வந்து வைரஸை விடுவார். நந்திதாவும் மற்றவர்களும் பெங்களூரிலேயே இருப்பவர்கள். செல்லை எடுத்த ஒரு மணி நேரத்தில் வைரஸை விடுவார்கள். சீக்கிரம் கிளம்புகிறார் என்று ஏற்கெனவே அக்காவை 'ட்ரெயின் கேஸ்' என்று கேலி பேசுவார்கள். அந்தக் கூச்சத்தில் இந்த இடைவெளியை அவர் நோட்டில் எழுதவே இல்லை. எழுதாதது தவறுதான். அதை அவரே கடைசி வரை ஒப்புக்கொண்டார்.

"சரிக்கா, ராத்திரி வெச்சா இன்னா ஆயிடும்?"

"எடுக்கறப்ப இன்னா ஊத்தறோம்? ட்ரிப்சின்."

ட்ரிப்சின் என்பது நம் குடலில் புரதத்தைச் செரிக்க வைக்கும் பொருள். குடுவையின் தரையில் ஒட்டியிருக்கும் செல்களைப் பெயர்த்தெடுக்க அதை ஊற்றுவார்கள். அது செல்லின் காலை மட்டும் வெட்டாது. செல்லின் மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற புரதத்தையெல்லாம் நறுக்கிப் போடும். கம்பியையே அறுத்துவிட்டு, ஏன் யாரும் ரயிலில் ஏறவில்லை என்று மாதக்கணக்கில் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு முழு இரவு கிடைத்தால் செல் தன் கம்பியைத் தானே மறுபடி செய்து வைத்துக்கொள்ளும்.

இவ்வளவு படித்தவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். நாங்கள் அதற்கு முன் வேலை செய்த வைரஸ் செல்லின் மேல் இருக்கும் சர்க்கரையைப் பிடிக்கும் வகை. ட்ரிப்சின் சர்க்கரையைத் தொடாது. ஆகவே பழைய செய்முறை பழைய வைரஸுக்கு அருமையாக வேலை செய்தது. அதையே கண்ணை மூடிக்கொண்டு புதியதற்கும் போட்டோம். ரயிலுக்கு ஓடிய ஒருவரைத் தவிர.

மறுநாள் லீவில் இருக்க வேண்டியவர் வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து ரயிலில் உட்கார்ந்திருந்தார். தலைவரின் அறைக்கு இந்த முறை நானும் கூடவே போனேன். "சார், மிஷின ஓட்டுனது நான். இவங்க ஒருநாளும் அதத் தொட்டதில்ல. இத அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல" என்றேன்.  தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இன்னும் மறக்கவில்லை.

அக்கா கேட்டது மூன்று தட்டு. ஒன்று, ட்ரிப்சின் போட்டு எடுத்து உடனே வைரஸ் விட்டது. இரண்டு, ட்ரிப்சின் போட்டு எடுத்து இரவு முழுக்க ஓய்வு கொடுத்தது. மூன்றாவதுதான் அவருடைய மூளை. ட்ரிப்சினே இல்லாமல், வெறும் உப்புக் கரைசலில் மெதுவாகப் பெயர்த்தெடுத்து உடனே வைரஸ் விடுவது. இரவுதான் காரணம் என்றால் மூன்றாவது ஒட்டக்கூடாது. ட்ரிப்சின்தான் காரணம் என்றால் ஓய்வே இல்லாமல் அது ஒட்ட வேண்டும்.

"டியூபுக்கு நந்திதா நம்பர் போடட்டும் சார். எது எதுன்னு எனக்கும் தெரிய வேணாம், தேவாவுக்கும் தெரிய வேணாம். அப்பால யாரும் யாரையும் கேக்க வேணாம்."

அதுவரை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கும் ஒரு பெண்ணாகத்தான் எல்லோரும் அவரைப் பார்த்தோம். அந்த வார்த்தைக்குப் பிறகு அறையில் விஞ்ஞானி யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

நந்திதா நம்பர் போட்ட டியூபுகளை நான் மிஷினில் விட்டேன். தலைவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முதல் டியூப், வலது. இரண்டாவது, இடது. மூன்றாவது, வலது. நந்திதா தாளைப் பிரித்துப் படித்தாள். இடது பக்கம் விழுந்தது ட்ரிப்சின் போட்டு உடனே செய்தது. ஓய்வு கொடுத்ததிலும் ஒட்டியிருந்தது, ட்ரிப்சினே தொடாததிலும் ஒட்டியிருந்தது. நம்பரை மாற்றிப் போட்டு மறுபடி செய்தோம். அதேதான். நந்திதாவே தன் கையால் செய்தாள். அதேதான். யாராவது ஒருவர் கையிலாவது தப்புமா என்று முதல் கூட்டத்திலிருந்து கணக்குப் பார்த்தால் ஆறு வாரம் செய்து பார்த்தோம். தப்பவே இல்லை.

நான் சந்தோஷத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன். அந்த மிஷின் அறையில் சத்தம் போடக்கூடாது என்று பலகை மாட்டியவனே நான்தான். தலைவர் அந்த ஏழு பேரையும் மறுபடி கூட்டி, அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். கட்டுரை தலைகீழாகத் திருத்தி எழுதப்பட்டது. டெக்னீஷியன்களுக்குக் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி நன்றி போடுவதுதான் எங்கும் வழக்கம். இந்தக் கட்டுரையில் எழுதியவர்கள் வரிசையில், நந்திதாவுக்கு அடுத்ததாக, ஆர். யசோதரா என்று அச்சாயிற்று. நந்திதாதான் அதற்குப் பிடிவாதமாக நின்றாள்.

அந்த இரவு ஓய்வுக்கு யசோதரா ஸ்டெப் என்று பெயர் வைக்கலாம் என்றார் தலைவர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எம்பேரு வேணாம் சார். மாரிகுப்பம்னு போடுங்க. அங்க போற ட்ரெயினாலதான இது ஆச்சி" என்றார். அப்படியே ஆயிற்று. எங்களிடம் படித்துவிட்டு வெளிநாடு போன பிள்ளைகள் அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மாரிகுப்பம் என்பது எந்தக் கம்பெனி தயாரிக்கும் கரைசல், எங்கே வாங்கலாம் என்று ஓர் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அக்கா அதை ரயிலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பங்காருப்பேட்டை வரை பெட்டியே சிரித்தது.

கொரோனா வந்தபோது அவர் பெங்களூரில் செய்ததைவிட எங்கள் ஊரில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் செய்தது அதிகம். சுரங்கத் தூசியால் ஏற்கெனவே நெஞ்சு கெட்ட பெரியவர்கள் ஊசி வேண்டாம் என்று முரண்டு பிடித்தார்கள். "ஊசி போட்டா இன்னா ஆயிடும்?" என்று கேட்டார் ஒருவர்.

"அந்த வைரஸுக்கு கையி கீது இல்ல மாமா, அதுமேல துணி சுத்தறதுக்கு ஒங்க ஒடம்பு கத்துக்கும். துணி சுத்தின கையால கம்பிய புடிச்சி ஏறிக் காட்டுங்க பாக்கலாம்."

"கொஞ்சம் பேரு ஏறிடுவான்."

"ஏறுவான். கும்பலா ஏற மாட்டான் இல்ல?"

அந்தப் பெரியவர் அடுத்த நாளே போய்ப் போட்டுக்கொண்டார். அக்காவும் போட்டுக்கொண்டார், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அடக்கம் அன்று மாலையே. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைத் தாண்டிப் போகும் வழி முழுக்க ஆட்கள். ரயில் கூட்டாளிகள், லைன் வீட்டுக்காரர்கள், பௌத்த சங்கத்துப் பெரியவர்கள். நந்திதா இப்போது வேறு ஊரில் தனி ஆய்வுக்கூடம் நடத்துகிறார். காரை விட்டு இறங்கி ஓடி வந்தார். எங்கள் தலைவரும் வந்திருந்தார். தள்ளாத வயது, கையில் தடி. பஞ்சசீலம் சொல்லி முடித்ததும் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். தலைவர் தடியை ஊன்றி முன்னால் வந்தார்.

"நான் இவங்கமேல சந்தேகப்பட்டேன்" என்று ஆரம்பித்தார். "பொய் நம்பர் எழுதினீங்களான்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன்."

 இத்தனை வருடம் ரத்தினம் ஐயாவின் காதுக்குப் போகாமல் காத்த விஷயம். அவர் முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூச்சுக்கு ஒரு இருமல். நிறுத்தச் சொல்லித் தலைவரின் கையைப் பிடிக்கப் போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"இவங்க சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. உலகத்துல எவ்வளவோ பேர் இன்னிக்கி இவங்க சொன்ன மாதிரிதான் செய்யறாங்க. நான் மன்னிப்பு கேட்டது ரூமுக்குள்ள, ஏழு பேர் முன்னாடி. இவங்க ஊர் முன்னாடி கேக்கல. இப்ப கேக்கறேன்."

 ரத்தினம் ஐயா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி எழுந்தார். பிடிக்கப் போன சுஜாதாவைத் தடுத்துவிட்டார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே இழுத்து வந்து தலைவர் பக்கத்தில் போட்டார்.

"எம்பொண்ணு பொய் எழுதாதுன்னு அது பொறந்ததுலேந்து எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரிய கொஞ்சம் நாளாச்சி. பரவால்ல சார். ரொம்ப நேரமா நிக்கிறீங்க, ஒக்காருங்க."

தலைவர் உட்கார்ந்தார். ரத்தினம் ஐயா நிமிர்ந்து நின்று, மகளைப் பார்த்துக் கைகூப்பி, "சாது" என்றார். பின்னால் நின்ற நூற்றுக்கணக்கானோர் மூன்று முறை அதைச் சொன்னார்கள். சாது, சாது, சாது. நன்று சொன்னாய், நன்று செய்தாய் என்று பொருள்.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் அப்பா நின்றுகொண்டுதான் வழியனுப்பினார்.